வால் தெரிகிற படம் இருக்கா?

பூனையைத் தொலைத்தவர்கள் எங்கள் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே செல்போனை நீட்டிக்கொண்டுதான் வருவார்கள். அதில் ஒரு படம் இருக்கும். பூனையின் முகம் மட்டும், கண்ணை அகல விரித்து, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட பொட்டோடு. அழகான படம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு தேட முடியாது. காம்பவுண்டுச் சுவர்மேல் நடக்கிற பூனையை, காருக்கடியில் ஒண்டியிருக்கிற பூனையை, குப்பைத்தொட்டியிலிருந்து குதித்து ஓடுகிற பூனையைத்தான் ஊர் பார்க்கிறது. நேருக்கு நேர் முகம் பார்க்கிற பாக்கியம் சோறு போடுகிறவருக்கு மட்டுமே உண்டு. அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வால் தெரிகிற படம் இருக்கா?"

தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் அப்பா தொடங்கிய ஸ்டுடியோ எங்களுடையது. பிழைப்பு என்னவோ கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸில்தான். பூனை தேடுவதில் காசு கிடையாது. நோட்டீஸ் செலவைக் கொடுப்பார்கள். பூனை கிடைத்துவிட்டால் ஒரு பாக்கெட் மக்ரூன் வரும். ஆனாலும் எண்பதுகளில் தொடங்கிய இந்த வேலை இன்றுவரை என்னை விடவில்லை. "மனுசனத் தேடவே ஆளில்ல, இவரு பூனையத் தேடுதாராம்" என்று பக்கத்துக் கடை அண்ணாச்சி சிரிப்பார். அவர் வீட்டுச் சாம்பல் கடுவன் காணாமல் போன அன்று கடையைக்கூடத் திறக்காமல் என்னிடம்தான் வந்து நின்றார்.

நான் கடைக்கு வந்த காலத்தில் பூனைக்கென்று யாரும் படம் எடுக்கவில்லை. 120 ரோலில் பன்னிரண்டே படம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' வரும், கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ வரும்; இரண்டும் தட்டுப்பாடென்றால் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அப்படிக் கிடைத்த ரோலில் ஒரு படத்தைப் பூனைக்குச் செலவழிப்பதாவது! ஆனால் பூனை எப்படியாவது படத்துக்குள் வந்துவிடும். வீட்டுக்குப் போய் எடுக்கிற குடும்பப் படங்களில் பாட்டியின் நாற்காலிக்கு அடியில், திண்ணைத் தூணுக்குப் பின்னால், சடங்கான பெண்ணின் பட்டுப்பாவாடை ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கும். அப்பா எந்த நெகடிவையும் எறிய மாட்டார். பழுப்புக் கவரில் போட்டு, தேதியும் பெயரும் எழுதி, டிரங்குப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961-ஆம் வருஷத்துக் கவர்கூட அதில் உண்டு. அதில் ஒரு படத்தில், சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு வரிப்பூனை நிற்கிறது. அதைத் தேடி யாரும் வரவில்லை.

தன் பூனையைத் தேடி வந்தவர் பிரையண்ட் நகரில் இருந்த, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். "தம்பி, எங்க வீட்டுக்காரர் அறுபதாம் கல்யாணத்துக்கு உங்கப்பாதான படம் எடுத்தாக. அதுல எங்க மணி ஓரமா நின்னான். அவன மட்டும் பெருசாக்கித் தர முடியுமா?" என்றார். மணி என்பது வெள்ளையில் கறுப்புத் திட்டு விழுந்த கடுவன். காணாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

நெகடிவைத் தேடி எடுத்து விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தால், மாலையும் கழுத்துமாக நிற்கிற இருவரின் காலுக்கு அப்பால், கடுகு அளவுக்கு மணி நிற்கிறான். என்லார்ஜரின் தலையை மேலே ஏற்றினால் போதவில்லை. கடைசியில் தலையைத் திருப்பி, எதிர்ச் சுவரில் பேப்பரைக் குத்தி, வெளிச்சத்தைச் சுவருக்கு அடித்தேன். சிவப்பு விளக்கில் அந்தப் பேப்பரை டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தபோது முதலில் வந்தது கறுப்புத் திட்டுகள்தான். முதுகில் ஒன்று, இலங்கையின் வரைபடம் மாதிரி, பிட்டத்தில் ஒன்று, வாலில் பாதி. பிறகுதான் உடம்பின் ஓரக்கோடு. முகம் வரவே இல்லை. மீசையும் கண்ணும் ஃபிலிமின் பொரிப்பொரியில் கரைந்துபோயிருந்தன. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே இல்லையே தம்பி" என்று வருத்தப்பட்டார். ஆனால் அந்த மூஞ்சியில்லாத படத்தைப் பார்த்துத்தான் ரெண்டு தெரு தள்ளியிருந்த அரிசிக் குடோனில் எடைபோடுகிறவர், "முதுகுல இப்படி இருக்குதது நம்ம குடோன்லல்லா கெடக்கு" என்றார். எலி பிடிக்கப் போன மணி உள்ளேயே மாட்டிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பாடம் இன்றுவரை மாறவில்லை. ஊர் ஞாபகம் வைத்திருப்பது திட்டுகளையும் வாலையும்தான். இன்னொன்றும் உண்டு. பூனையின் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. இடப்பக்கம் மூன்று திட்டு இருக்கிற பூனைக்கு வலப்பக்கம் சுத்த வெள்ளையாக இருக்கலாம். ஒரு பக்கப் படத்தை மட்டும் போட்டால், மறுபக்கத்தைப் பார்த்தவர் "அது இது இல்ல" என்று போய்விடுவார்.

அந்தக் காலத்து நோட்டீஸ் சமாச்சாரம் சிரிப்பாக இருக்கும். லெட்டர் பிரஸ்ஸில் படம் அச்சாக வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். சிவகாசிக்கு அனுப்பி, பிளாக் வந்து சேர்வதற்குள் பூனை தானாக வீடு திரும்பியிருக்கும், அல்லது திரும்பவே திரும்பாது. செலவும் அதிகம். அதனால் எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். அவரிடம் பழைய பூனை பிளாக் ஒன்று இருந்தது. ஏதோ பாடப்புத்தகத்துக்கோ விளம்பரத்துக்கோ செய்தது. யார் வீட்டுப் பூனை காணாமல் போனாலும் 'காணவில்லை' என்று போட்டு அதையே அடித்துக் கொடுத்துவிடுவார். செம்பூனைக்கும் அதே படம், சாம்பல் பூனைக்கும் அதே படம். அப்போதும் சில பூனைகள் கிடைத்தன என்பதுதான் ஆச்சரியம். காரணம் படம் இல்லை. நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்களே, அதுதான். படத்தை நீட்டினால் கதவைத் திறக்கிறவர் நின்று பேசுவார். சும்மா போய்க் கேட்டால் "இல்ல" என்று சாத்திவிடுவார்.

பிறகு ஜெராக்ஸ் வந்தது. எல்லோருக்கும் வசதி, கறுப்புப் பூனைக்கு மட்டும் கேடுகாலம். ஜெராக்ஸில் கறுப்புப் பூனை வெறும் கறுப்புப் பொந்தாகத்தான் விழும். காதும் காலும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அதற்கு முன்னால் படம் எடுப்பதிலேயே கோளாறு இருக்கிறது. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல்தான். கறுப்பைக் காட்டினால் வெளிச்சம் போதாதென்று வெளுக்க வைக்கும். வெள்ளையைக் காட்டினால் கூடிப்போச்சென்று அழுக்காக்கும். கறுப்புப் பூனைக்கு ஒரு ஸ்டாப் குறைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்து எடுத்தால்தான் உருவம் பிடிபடும். வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். செல்போனிலும் இதே கதைதான். பூனைமேல் விரலை வைத்துத் தொட்டுவிட்டு, வருகிற சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தால் புரியும்.

முழுக்கறுப்பு என்று சொல்கிற பூனையிலும் எங்காவது வெள்ளை இருக்கும். நெஞ்சில், தொடையிடுக்கில், ஒரு விரல் நுனியில். அதை வளர்க்கிறவரிடம் கேட்டு வாங்குவது பல் பிடுங்குகிற வேலை. "எங்க கருப்பி முழுக் கருப்பு அண்ணாச்சி" என்று சாதிப்பார்கள். கிடைத்த பிறகு தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றில் ஒரு கொத்து வெள்ளை முடி இருக்கும். கறுப்புப் பூனையைத் தேடுவதில் இன்னொரு தொல்லை. குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று நம் ஆட்கள் பார்த்த கண்ணை உடனே திருப்பிக்கொள்வார்கள். பார்க்காதவர் எப்படி அடையாளம் சொல்வார்?

நிறத்தைப் பற்றிப் பேசும்போது தெருவிளக்கைச் சொல்லாமல் விட முடியாது. துறைமுகம் போகிற சாலையிலும் ஊருக்குள்ளும் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில், இரவில் எல்லாப் பூனையும் மஞ்சள் பூனைதான். வெள்ளைப் பூனையைப் பார்த்தவர், "செம்பூனை ஒண்ணு போச்சு" என்று சத்தியம் பண்ணுவார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் ஒரே நிறம்தான் தெரியும். பூனை நடமாடுவதோ ராத்திரி. அதனால் அந்த நாட்களில் நோட்டீஸில் நிறத்தைச் சின்னதாகவும் 'வால் குட்டை', 'காது கிழிந்தது' போன்றவற்றைப் பெரிதாகவும் போட்டேன். எல்.இ.டி. வந்த பிறகுதான் ராத்திரி பார்த்தவர் சொல்கிற நிறத்தை நம்ப ஆரம்பித்தேன்.

காயல்பட்டினத்துக்குப் போன கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பூனைக்கு மரியாதை அதிகம். அடுப்படியில் அதற்கென்று ஒரு தட்டு இருக்கும். ஒரு நாள் பதினாலு பதினைந்து வயசுப் பையன் ஒருவன் பஸ்ஸில் வந்து இறங்கினான், கையில் ஒட்டிய கவரோடு. "லாத்தா குடுத்து விட்டாக. பூனைய மட்டும் எடுத்துக்கிடணுமாம். மத்ததெல்லாம் உங்க கண்ணோட இருக்கட்டுன்னாக" என்றான். உள்ளே பெருநாளைக்கு எடுத்த கலர்ப் படம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவின் மடியில் மூவண்ணப் பூனை, பக்கவாட்டில் படுத்து, வாலைக் கீழே தொங்கவிட்டபடி. நான் கேட்டு வாங்கினால்கூட இவ்வளவு தோதான படம் கிடைத்திருக்காது.

கறுப்பு அட்டையில் பூனை அளவுக்கு ஓட்டை வெட்டி, படத்தின்மேல் வைத்து மறைத்து, அந்தப் பையனை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு பூனையை மட்டும் காப்பி எடுத்தேன். மடியிலிருந்த கை ஒன்று ஓரத்தில் விழுந்தது. அதையும் தூரிகையால் மூடினேன். மூலப் படத்தைக் கவரில் போட்டு ஒட்டி, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

நோட்டீஸைக் கொண்டுபோய் அந்த வீட்டு ஆண்கள் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினார்கள். ஒரு தகவலும் இல்லை. எனக்குக் காரணம் புரிய நாளாயிற்று. காயல்பட்டினத்துப் பழைய தெருக்களில் வீடுகளுக்கு இடையே முடுக்கு என்று குறுகலான சந்து ஓடும். பெண்கள் தெருவுக்கு வராமல் அதன் வழியாகவே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருவார்கள். பூனையின் பாதையும் அதுதான். மீன் கழுவுகிற கிணற்றடி, கொல்லைவாசல், அடுப்படி ஜன்னல். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆணுக்கு அந்தப் பூனை எப்படித் தெரியும்? லாத்தாவே ஒரு யோசனை செய்தார். ஓதப் போகிற சின்னப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்து, "உம்மாட்ட காட்டு" என்று அனுப்பினார். அன்று அஸர் தொழுகைக்குள் செய்தி வந்துவிட்டது. மூன்று வீடு தள்ளி, மச்சில் பழைய பாயில் குட்டி போட்டுப் படுத்திருந்தது. அந்த வீட்டுப் பெண்களுக்கு அது வந்த நாளிலிருந்தே தெரியும். யார் வீட்டுப் பூனை என்றுதான் தெரியாது.

அதற்குப் பிறகு நான் அடிக்கிற நோட்டீஸில் பாதியை ஒட்டவே விடுவதில்லை. மீன்காரம்மா, பால்காரர், வீட்டு வேலை செய்கிற அக்காமார், குப்பை வண்டியோடு வருகிறவர்கள் என்று ஆளைப் பார்த்துக் கையில் கொடுக்கச் சொல்வேன். இவர்கள்தான் வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கிறவர்கள். ஆட்டோ ஸ்டாண்டும் மெயின்ரோடும் இரண்டாம் பட்சம்.

தொலைவு விஷயத்திலும் அப்படித்தான். பூனை போனதும் ஆட்கள் திருச்செந்தூர் ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டு, எட்டயபுரம் ரோடு என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டிருக்க மாட்டார்கள், கூச்சம். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் விசாரித்தது. உயிரோடு கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. மூன்றில் ஒன்று ஒரு வாரத்துக்குள் கிடைத்திருக்கிறது. நேரில் இறங்கித் தேடியவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால் எங்கள் ஊர்ச் சந்துகளில் நான் பார்த்ததும் அதுவே. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே விழுந்துவிட்டால், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல், ஊர் அடங்கிய பிறகு, டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு தேடச் சொல்வேன். கண் மின்னும். பெரும்பாலும் பச்சையோ மஞ்சளோ. நீலக்கண் பூனைக்குச் சிவப்பாக மின்னும். ஆடி மாதம் பனிமய மாதா கோயில் கொடியேறிவிட்டால் கூட்டமும் வெடிச்சத்தமும் ஓயும்வரை அது அசையாது என்பதையும் சொல்லிவிடுவேன்.

கடற்கரைப் பக்கம் நிலவரம் வேறு. மீன்பிடித் துறைமுகத்தில் பூனைக் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. படகு கரை சேர்கிற நேரம் அவற்றுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், பூனைக்கும் பட்டினி. அவை திரேஸ்புரம், இனிகோ நகர்த் தெருக்களுக்குள் இறங்கும். வீட்டுக் கடுவனை அடித்துத் துரத்திவிட்டு அதன் தட்டில் சாப்பிடும். அந்த மாதங்களில்தான் எனக்கு வேலை கூடும். அப்போது போடுகிற படத்தில் காயம், காது வெட்டு, வால் மடிப்பு எல்லாம் தெரிய வேண்டும். ஒரே தெருவில் ஒரே மாதிரிச் செம்பூனை நாலு சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய துறைமுகத்தில் ஒருமுறை நடந்தது இது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணி ஒன்றில், கடற்கரைச் சாலை வீட்டுப் பூனை ஏறிவிட்டது. எலிக்காகத் தோணியில் பூனை இருப்பது சகஜம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் கொடுத்த படத்தை வீட்டுக்காரர் தோணியை நடத்துகிற தண்டலிடம் காட்டியிருக்கிறார். "நம்ம பூனதான இது" என்றிருக்கிறார் தண்டல். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மது வால் நேரா இருக்கும். இதுக்கு நுனி மடங்கியிருக்கு. உள்ள ரெண்டு பூன நிக்கி" என்றாராம். மறுநாள் தோணி கிளம்பிவிட்டது. பூனை வீட்டில் இருந்தது.

இதே மேஜையில் மனிதர்களின் படமும் பெரிதாக்கியிருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த பிறகு, குமரிக் கரையில் உறவு உள்ளவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் பூனை நோட்டீஸ் கேட்டு வந்தவர்களே கவுண்டரைப் பார்த்துவிட்டு, "பிறகு வாரேன் அண்ணாச்சி" என்று போனார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

சன்மானம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். போடலாம், தொகையைப் போடாதீர்கள் என்பது என் கட்சி. 'தக்க சன்மானம் உண்டு' போதும். ஒருவர் பெரிய தொகை அறிவித்தார். விளைவு, ரெண்டு நாளைக்குத் தெருப் பையன்கள் சாக்கோடு அலைந்தார்கள். கேட் முன்னால் சாக்கு சாக்காய்ப் பூனை. அவர் பூனை பயந்து இன்னும் தூரம் போயிருக்கும். நொய்டாவில் 2024 தொடக்கத்தில் ஒரு பெர்சியன் பூனைக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்து ஒட்டிய போஸ்டர் நாடு முழுக்கச் செய்தியானது. அது செய்திக்கு நல்லது.

பணம் என்று வந்தால் ஏமாற்றும் வரும். ஆகவே ஓர் அடையாளத்தைப் படத்தில் காட்டாமல் ஒளித்துவைக்கச் சொல்வேன். பின்னங்கால் விரலில் ஒரு மச்சம், மேலண்ணத்தில் கறுப்பு, எதுவானாலும் சரி. போனில் கூப்பிடுகிறவரிடம் அதைக் கேட்க வேண்டும். அதற்கு முன்பே மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. "உங்க மூணு கலர் கடுவன் எங்ககிட்டதான் இருக்கு, ஜிபே பண்ணுங்க" என்பார்கள். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த பூனை அனேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும். செம்மஞ்சள் நிறத்தைத் தருகிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் வருகிற விளைவு அது. மூவண்ணக் கடுவன் ஆயிரக்கணக்கில் ஒன்று தேறினால் அதிகம். மாறாக, முழுச் செம்பூனையில் அஞ்சுக்கு நாலு கடுவன். இந்த ஒரு விவரத்தால் பலருடைய பணம் தப்பியிருக்கிறது.

வாட்ஸ்அப் வந்ததும் என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். வேலையின் திசைதான் மாறியது. முன்பு படம் வீட்டிலிருந்து ஊருக்குப் போகும். இப்போது ஊரிலிருந்து வீட்டுக்கு வருகிறது. "இதுதானா?" என்று கேட்டு நாலு பேர் நாலு படம் அனுப்புகிறார்கள். எல்லாம் இருட்டில், தூரத்தில், ஃபிளாஷ் அடித்து, கண் ரெண்டும் பல்பாக எரிகிற படம். வளர்த்தவருக்கோ பதற்றம், பார்ப்பதெல்லாம் தன் பூனையாகத் தெரியும். அதனால் ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, நெற்றி வரியை, மூக்கின் நிறத்தை, கன்னத்துப் புள்ளிகளை, வால் வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிற ஆளாகிவிட்டேன். இப்போதைய பெரிய எதிரி ஃபில்டர். முகத்தை மினுக்கி, திட்டை அழித்து, கண்ணைப் பெரிதாக்கிய படத்தை அனுப்புகிறார்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த போஸ்டர் ஒன்று சமீபத்தில் பார்த்தேன். அதிலிருந்தது உலகத்தில் எங்குமே இல்லாத பூனை. எனக்கு அந்தப் பழைய அச்சகக்காரரின் பிளாக்தான் ஞாபகம் வந்தது.

வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் நம்பியவர்கள் தவித்த நேரங்களும் உண்டு. 2018 மே மாதம், போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு ஊரில் இணையத்தை நிறுத்திவைத்தார்கள். பூனை தேடுகிற நிலையில் அப்போது ஊர் இல்லை. ஆனாலும் சத்தத்தில் மிரண்டோடிய ஒரு பூனைக்காகத் தெருவுக்குள்ளேயே கைக்குக் கை மாறியது ஒரு போஸ்ட் கார்டு சைஸ் பிரிண்ட்.

பெரிய பரீட்சை 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிக்குள் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. படகில் ஆட்களை ஏற்றியபோது, பூனைகள் கையை விட்டு இறங்கி மாடிக்கும் மரத்துக்கும் போய்விட்டன. திரும்பி வந்தவர்களிடம் பூனையும் இல்லை, போனும் இல்லை. தண்ணீரில் போன போனோடு படமும் போயிற்று. ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், செங்கல் கட்டியாய் ஒட்டிப்போனவை.

அவசரப்பட்டுப் பிய்த்தால் முகம் ஒரு பக்கத்திலும் பேப்பர் ஒரு பக்கத்திலுமாக உரிந்துவிடும். ஒட்டிக் காய்ந்திருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஜெலட்டின் இளகும்வரை பொறுத்திருந்து, நீருக்குள்ளேயே விரலால் மெல்லப் பிரித்து, முகம் மேலே பார்க்கும்படி துணிமேல் பரப்ப வேண்டும். அந்த வாரம் கடை முழுக்க வேட்டிமேல் குடும்பங்கள் காய்ந்தன. அதில் ஒன்று கவனித்தேன். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த பிரிண்டுகள் நீலமும் சிவப்புமாகக் கரைந்து ஓடியிருந்தன. டார்க் ரூமிலும் லேபிலும் கெமிக்கலில் கழுவி எடுத்த பழைய பிரிண்டுகள் முக்கால்வாசி தப்பித்தன. அப்படித் தப்பிய ஒரு படத்திலிருந்து ஒரு சாம்பல் வரிப்பூனையை எடுத்தோம்.

கிடைத்த பூனைகளை அடையாளம் காண்பதுதான் அதைவிடச் சிரமம். மாடியில் பூனை ஒதுங்கிய வீட்டுக்காரர்கள் படமெடுத்து அனுப்பினார்கள். நனைந்த பூனை பாதி உடம்பாகிவிடும். சேறு காய்ந்த வெள்ளைப் பூனை பழுப்புப் பூனைதான். சொந்தக்காரர்களே, "எங்களது இல்ல" என்று தள்ளிய படங்கள் உண்டு. நான் நிறத்தைப் பார்க்காதீர்கள், காலின் நீளத்தையும் வாலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள் என்று சொல்லி, மறுபடி பார்க்க வைத்தேன். முத்தம்மாள் காலனியில் ஓர் அம்மா தள்ளிய பூனையையே மறுநாள் போய்ப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுவியதும் வெள்ளை தெரிந்தது.

இதை வாசிக்கிறவர் வீட்டில் பூனை இருந்தால், இன்றைக்கே வெயில் தாழ்ந்த நேரத்தில், தரையோடு குனிந்து, அது நிற்கும்போது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எடுங்கள். ஒரு செட் பிரிண்ட் போட்டு வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். தொலைந்துபோனால் நோட்டீஸில் தேதியைக் கட்டாயம் போடுங்கள். தேதியில்லாத நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. எப்போதோ வீடு திரும்பிய பூனைக்கு இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது. பூனை கிடைத்ததும் ஒட்டியதையெல்லாம் நீங்களே போய்க் கிழித்துவிடுங்கள். யாரிடமெல்லாம் படத்தைக் காட்டினீர்களோ அவர்களிடம் கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய நோட்டீஸ் தொங்குகிற சுவரில் ஒட்டுகிற புது நோட்டீஸை எங்கள் ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை.